துப்பாக்கி இல்லாத வேன்: வழிகாட்டிய ஊரிலேயே நின்னு போச்சு!

911-க்கு போன் போட்டது அந்த வாலிபரேதான். வயசு 19. வங்கதேசத்தில் இருந்து அமெரிக்கா போய் குடியேறிய குடும்பம். நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் வீடு. 2024 மார்ச் மாதம், மனசு கலங்கிப் போய் இருந்த நேரத்தில் அவரே போன் அடித்தார். நம்ம ஊர் 100, 108 ரெண்டும் ஒண்ணா சேர்ந்தா எப்படியோ, அப்படி ஒரு நம்பர் அது.

வந்தது போலீஸ். சமையல் கட்டில் கிடந்த கத்தரிக்கோலை வாலிபர் எடுத்தார். பெத்த தாய் குறுக்கே பாய்ந்து மகனைப் பிடித்துக் கொண்டார். முதலில் மின்சார அதிர்ச்சி துப்பாக்கி. அப்புறம் நிஜத் துப்பாக்கி. போலீஸ் வீட்டுக்குள் நுழைந்த சில நிமிஷத்தில் தாய் கண்ணெதிரே மகன் சாய்ந்தார். போலீசார் சட்டையில் மாட்டியிருந்த கேமராவில் பதிவான இந்தக் காட்சிகள் பின்னர் வெளியாகி அமெரிக்காவையே உலுக்கின.

இது ஏதோ ஒரு வீட்டில் நடந்த சோகம் இல்லை. அமெரிக்க போலீஸ் சுட்டு இறந்தவர்களின் பட்டியலை 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகை 2015 முதல் பல வருஷம் சேகரித்தது. அதில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவர் மனநல பாதிப்பு உள்ளவர்.

சரி, போலீசுக்குப் பதிலா வேற யாராச்சும் போனா என்ன?

இந்தக் கேள்விக்கு 1989-லேயே பதில் சொன்ன ஊர் ஒன்று உண்டு. ஆரிகன் மாநிலத்தில் உள்ள யூஜின். அங்கே 1969-ல் தொடங்கிய 'ஒயிட் பேர்ட்' என்ற இலவச கிளினிக், ஊர் நிர்வாகத்தோடு பேசி 'கஹூட்ஸ்' என்ற பெயரில் ஒரு வேனை தெருவில் இறக்கியது.

வேனில் ரெண்டே பேர்

வேனில் போவது ரெண்டு பேர். ஒருவர் நர்ஸ் அல்லது முதலுதவி தெரிந்தவர். இன்னொருவர் மன நெருக்கடியில் இருப்பவரிடம் பேசப் பழகியவர். யூனிபார்ம் கிடையாது, ஜீன்சும் சாதாரண சட்டையும்தான். துப்பாக்கி, லத்தி, விலங்கு எதுவும் கிடையாது. ஆனால் போலீஸ் வயர்லெஸ் கையில் உண்டு. கண்ட்ரோல் ரூமில் போன் எடுப்பவர் "இது போலீஸ் வேலை இல்லை" என்று முடிவு செய்தால் கேஸ் வேனுக்குப் போகும்.

கேஸ் என்றால் சினிமா மாதிரி மொட்டை மாடி விளிம்பில் நிற்பவர் மட்டும் இல்லை. பூங்கா பெஞ்சில் ரெண்டு நாளா அசையாமல் உட்கார்ந்திருப்பவர், போதையில் நடுரோட்டில் படுத்தவர், கடை வாசலில் தனக்குத் தானே கத்துகிறவர், நள்ளிரவில் "சாகப் போறேன்" என்று போன் செய்தவர், அப்பா போனை எடுக்கலையே என்று வெளியூரில் தவிக்கும் மகள். எல்லாம் இதில் வரும்.

போனதும் மேலே கை வைக்க மாட்டார்கள். கொஞ்சம் தள்ளி நின்று பேர் சொல்லி அறிமுகம். தண்ணி வேணுமா, சாப்பிட்டீங்களா என்று ஆரம்பம். ஈரமான சாக்சுக்கு காய்ந்த சாக்ஸ், குளிருக்கு போர்வை, கால் புண்ணுக்கு கட்டு. எங்கே போகணும்னு கேட்டு தங்குமிடத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ கொண்டு விடுவது. கட்டாயப்படுத்தி இழுத்துப் போகும் அதிகாரம் இவர்களுக்கு இல்லை. "வர மாட்டேன்" என்றால் வர வேண்டாம். மிரட்டலுக்கு வழி இல்லாததால் பேச்சு மட்டும்தான் ஆயுதம். கத்தி, துப்பாக்கி இருக்குது என்று தெரிந்தால் போலீசைக் கூப்பிடுவார்கள். இப்படி அவசரமாக போலீஸ் துணை கேட்டது 100-க்கு 2 தடவைக்கும் குறைவு.

தினமும் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் நிருபர் என்ற முறையில் ஒண்ணு சொல்கிறேன். சைரன் சத்தம் கேட்டால் தப்பு பண்ணாதவனுக்கே வயிறு கலங்கும். புத்தி கலங்கி நிற்பவருக்கு எப்படி இருக்கும்?

கணக்கில் தகராறு

ஊருக்கு வரும் போலீஸ் அழைப்புகளில் 17 சதவீதத்தை நாங்களே பார்த்துக் கொள்கிறோம் என்றது கிளினிக். யூஜின் போலீசோ, எப்படியும் போலீஸ் போகாத அழைப்புகளையும் சேர்த்து எண்ணிவிட்டார்கள், நிஜமா எங்கள் வேலை குறைந்தது 5 முதல் 8 சதவீதம்தான் என்று சொன்னது. போலீஸ் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் செலவைப் பாருங்க. ஒரு கட்டத்தில் இந்த வேனுக்கு வருஷம் 21 லட்சம் டாலர். யூஜின், பக்கத்து ஸ்பிரிங்பீல்டு ரெண்டு ஊர் போலீஸ் பட்ஜெட் சேர்த்து 9 கோடி டாலர். 5 சதவீதம் என்றே வைத்தாலும் நஷ்டக் கணக்கு இல்லை.

100 டாலருக்கு 25 சென்ட்

யூஜினைப் பார்த்து கொலராடோவின் டென்வர் நகரம் 2020 ஜூன் 1-ந் தேதி 'ஸ்டார்' என்று ஒரு வேன் விட்டது. முதல் 6 மாதம் வார நாட்களில் பகல் நேரம் மட்டும். போனது 748 கேஸ். ஒருத்தர் கூட கைதாகவில்லை. வேன் ஓடிய பகுதிகளில் சின்னச் சின்ன குற்றப் புகார் 34 சதவீதம் குறைந்ததாக 2022-ல் வெளியான ஸ்டான்போர்டு ஆய்வு சொல்கிறது. பெரிய வன்முறைக் குற்றங்களில் மாற்றம் இல்லை. அதுக்காக விட்ட வேனும் இல்லை அது.

டென்வரில் ஒரு விஷயம் கவனிக்கணும். 2018-ல் அந்த ஊர் ஜனங்களே ஓட்டுப் போட்டு மனநலத்துக்கு என்று தனி விற்பனை வரி கொண்டு வந்தார்கள். 100 டாலருக்கு சாமான் வாங்கினால் 25 சென்ட். அந்தப் பணத்தில் இருந்துதான் வேனுக்கு முதல் காசு வந்தது.

நியூயார்க்கில் வேன் இல்லையா?

இருந்தது. 'பி-ஹெர்ட்' என்ற பெயரில் 2021 ஜூனில் ஹார்லெம் பகுதியில் தொடங்கினார்கள். ஆம்புலன்ஸ் ஆட்கள் ரெண்டு பேர், கூட ஒரு சமூகப் பணியாளர். ஆனால் 2025 நிலவரப்படி நகரின் எல்லா பகுதிக்கும் இல்லை, 24 மணி நேரமும் இல்லை. ஆயுதம் இருக்கலாம், வன்முறை வரலாம் என்று போன் எடுப்பவருக்கு சந்தேகம் வந்தால் நேரே போலீஸ்தான். இந்தக் குழுவுக்குத் தகுதியான அழைப்புகளிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குழு போகவே இல்லை என்று 2025 மே மாதம் வெளியான நகர தணிக்கை அறிக்கை போட்டு உடைத்தது.

டெக்சாசின் ஆஸ்டினில் இதுக்கு சுலபமா ஒரு வழி பண்ணினார்கள். 2021 முதல் அங்கே 911-ல் போன் எடுத்ததும், போலீசா, தீயணைப்பா, ஆம்புலன்சா என்பதோடு மனநல உதவியா என்றும் கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு வார்த்தைதான் கூடுதல். எந்த வண்டி கிளம்புது என்பது அங்கேயே முடிவாகிறது.

யூஜின் வேன் ஏன் நின்றது?

இதுதான் வேடிக்கை. இந்த வேன் பெயரிலேயே ஆரிகன் செனட்டர் ரான் வைடன் 2020-ல் மசோதா கொண்டு வந்தார். அதில் இருந்த அம்சம் 2021-ல் சட்டமானது. நடமாடும் மனநலக் குழு வைக்கும் மாநிலத்துக்கு, ஏழைகளுக்கான 'மெடிக்கெய்ட்' காப்பீட்டு செலவில் 85 சதவீதத்தை 3 வருஷம் மத்திய அரசே தரும். நாடு முழுக்க குழுக்கள் முளைத்தன.

ஆனால் காப்பீட்டுப் பணம் வேணும்னா பில் போடணும். பில் போட பேர், விவரம், என்ன வியாதி எல்லாம் எழுதணும். பாலத்துக்கு அடியில் படுத்தவருக்கு சாக்ஸ் கொடுத்ததை எந்தக் கணக்கில் எழுதுவது? ராத்திரி முழுக்க போன் வராமல் வேன் சும்மா நின்ற நேரத்துக்கு யார் சம்பளம் தருவது? தீயணைப்பு வண்டி சும்மா நின்னா யாரும் கணக்கு கேட்பதில்லை. இதுக்கு மட்டும் கேட்டார்கள். 2020-ல் இந்த ஊழியர்களுக்கு சம்பளம் மணிக்கு சுமார் 18 டாலர்தான். கிளினிக்குக்கு பணத் தட்டுப்பாடு முற்றியது. ஆட்கள் குறைந்தார்கள்.

2025 ஏப்ரல் 7-ந் தேதியோடு யூஜினில் வேன் நின்றது. கிட்டத்தட்ட 36 வருஷம் ஓடிய வண்டி.

லேன் கவுண்டி நிர்வாகம் நடத்தும் வேறு ஒரு நடமாடும் மனநலக் குழு அங்கே உண்டு. பழைய வேன் பார்த்த எல்லா வேலையும் அதன் பொறுப்பில் இல்லை. வேனில் வேலை பார்த்த சிலர் சேர்ந்து புதுசா ஒரு அமைப்பு தொடங்கி, மறுபடியும் வண்டி விட 2025-லேயே நன்கொடை திரட்ட இறங்கினார்கள்.