பகிடிக்கும் ஏடு வேண்டும்

"பகிடி என்பது கேட்டுச் சிரித்துவிட்டு மறந்துவிடுவதற்குரியது, அதனை எழுதிவைத்து என்ன பயன்?" என்னும் வினா கற்றோர் கூடுமிடங்களிலே அடிக்கடி எழுப்பப்படுகின்றது. வினாவின் வடிவிலே வரினும் இது வினாவன்று, தீர்ப்பு. ஆராய்தற்குரியது எது, புறந்தள்ளற்குரியது எது என்று முன்கூட்டியே வகுத்துவைத்துக்கொண்டு வழங்கப்படும் தீர்ப்பு. அத்தீர்ப்பு தவறானது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேலைநாடுகளிலே ஒலிபரப்பு நகைச்சுவைத் தொடர்களைக் கேட்போருட் சிலர் விசித்திரமானதொரு பணியிலே நெடுங்காலமாக ஈடுபட்டு வந்துள்ளனர். தொடரிலே மீண்டும் மீண்டும் வரும் பாத்திரங்கள் யாவர், ஒவ்வொரு பாத்திரமும் எப்பகிடியை எச்சந்தர்ப்பத்திற் கூறும், அப்பகிடி முதன்முதலில் எந்நாளில் ஒலித்தது, பின்னர் எவ்வாறு திரிபுற்றது என்பனவற்றை அவர்கள் பட்டியலிடுகின்றனர். மல்யுத்தக் கேளிக்கையைப் பரிகசிக்கும் நிகழ்ச்சிகளுக்குக்கூட இத்தகைய பட்டியல்கள் தொகுக்கப்படுகின்றன. ஊதியமோ பட்டமோ எதிர்பாராது செய்யப்படும் இப்பணியைக் கிறுக்கென்று ஒதுக்கிவிடல் எளிது. ஆனால், இவர்கள் செய்வது ஆராய்ச்சியின் முதற்படியாகும். அப்படியிலே கால்வைக்கக் கூசிநின்றவர்கள் நாமே.

முதலில் இக்கலைவடிவின் இயல்பை நோக்குவோம். பிரெஞ்சு அறிஞர் றோலண்ட் பார்த், 1957இல் வெளிவந்த 'மித்தொலொஜீஸ்' என்னும் தமது நூலின் முதற் கட்டுரையை மல்யுத்தக் கேளிக்கைக்கே ஒதுக்கினார். அது விளையாட்டன்று, காட்சி என்பது அவர் கருத்து. வெற்றி முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டதா என்பது பற்றிக் காண்போர் கவலைப்படுவதில்லை. வஞ்சகன் வஞ்சகனாகவே நடக்கவேண்டும். அவன் தண்டனை பெறவேண்டும். மேடையேறும் மல்லனின் உடலைக் கண்டவுடனேயே அவன் ஏற்றுள்ள பாத்திரத்தை அவர்கள் அறிந்துகொள்கின்றனர். வானொலி நகைச்சுவைத் தொடரும் இத்தகையதே. அங்கு உடலுக்குப் பதிலாகக் குரல் நிற்கின்றது. குரல் ஒலித்தவுடன், பாத்திரம் அடுத்துக் கூறப்போவதைக் கேட்போர் அறிவர், அறிந்தமையாலேயே சிரிக்கின்றனர். ஆகவே, இத்தகைய தொடரின் தனியொரு பகுதியை மட்டும் எடுத்து ஆராய முடியாது. அதன் பொருள் பகுதிகளுக்கிடையே, மீட்சியிலே உள்ளது. அம்மீட்சியைப் பதிவுசெய்யும் பட்டியல் இன்றேல் தொடரின் பொருளும் இல்லை.

இதற்குத் தக்க சான்று பி.பி.சி. ஒலிபரப்பிய 'கூன் ஷோ' ஆகும். 1951 மே மாதத்திலே தொடங்கிய இத்தொடர் 1960 சனவரியில் முடிவுற்றது. ஸ்பைக் மிலிகன், பீற்றர் செலர்ஸ், ஹரி சீக்கொம் ஆகிய மூவரும் இதன் தூண்கள். தொடக்க காலத்தில் மைக்கல் பென்ரைனும் உடனிருந்தார். எழுத்துப்பணியின் பெருஞ்சுமையைத் தாங்கியவர் மிலிகன். வருமானம், வீரம், அறிவு மூன்றும் அற்ற நெடி சீகூன், வஞ்சகரான கிறிப்பைப்-தின், கோழையும் ஊழற்காரருமான படையதிகாரி மேஜர் பிளட்நொக், முழுமூடனான எக்கிள்ஸ், பள்ளிச் சிறுவனான புளூபொட்டில், தள்ளாத முதியோரான ஹென்றி கிறனும் மின்னி பனிஸ்டரும் எனப் பாத்திரங்கள் வாரந்தோறும் மீண்டும் வந்தனர். கதை எந்நாட்டில் நிகழினும் புளூபொட்டில் இறுதியில் வெடியில் அகப்படுவான். தன்னைச் சாகடித்துவிட்டதாக அவனே முறையிடுவான். அடுத்த வாரம் மீண்டும் உயிரோடு வருவான். இவனிடம் எக்கிள்ஸ் நேரங்கூறும் காட்சி பெயர்பெற்றது. எக்கிள்ஸிடம் மணிக்கூடு இல்லை. ஒருவர் நேரத்தை எழுதிக்கொடுத்த கடதாசித் துண்டு மாத்திரமே உண்டு. எவர் எப்போது கேட்பினும் அக்கடதாசியைப் பார்த்து அவன் நேரஞ் சொல்லுவான். எழுதிவைக்கப்பட்டதாலேயே ஒன்று உண்மையாகிவிடும் என்று நம்பும் அலுவலக மனப்பான்மையை இதைவிடக் கூர்மையாக எள்ளிய அறிஞர் எத்தனை பேர்?

ஆயின் இந்நிகழ்ச்சிக்கு நேர்ந்த கதி யாது? முதல் மூன்று தொடர்களின் ஒலிப்பதிவுகள் ஏறக்குறைய முற்றாக அழிந்தன. 1954 செப்டெம்பரில் ஆரம்பமான ஐந்தாம் தொடர் முதலாகப் பெரும்பாலானவை எஞ்சின. அவை எஞ்சியமைக்கு ஒரு முக்கிய காரணம், வெளிநாட்டு வானொலி நிலையங்களுக்கு அனுப்புவதற்காக இசைத்தட்டுகளிலே பிரதிசெய்யப்பட்டமையாகும். அப்பிரதிகளிலும் நேரங் கருதியும் பொருள் கருதியும் பல பகுதிகள் வெட்டப்பட்டிருந்தன. ஒலிபரப்பு நிறுவனத்தின் கண்ணுக்கு இவை வாரச் சரக்கு. அடுத்த வாரம் வேறு சரக்கு. ஒலிநாடாவும் களஞ்சிய இடமும் பணம் தின்பவை.

இக்குறையை நிரப்பியவர்கள் கேட்போரே. வீட்டிலே வானொலியினருகே ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பிடித்த நாடாக்களைச் சிலர் பேணிவைத்தனர். 1972இல் கூன் ஷோ பேணற் சங்கம் தோன்றியது. 1976இல் றொஜர் வில்மற், ஜிம்மி கிறாஃப்ற்றன் ஆகியோரின் பெயரோடு இந்நிகழ்ச்சியின் வரலாறும் பகுதிகளின் விபரப்பட்டியலும் நூலாக வெளிவந்தன. பிற்காலத்திலே குறுந்தட்டுப் பதிப்புகள் தயாரிக்கப்பட்டபோது பல மூலங்களை ஒப்புநோக்கி வெட்டுண்ட வரிகள் மீண்டும் சேர்க்கப்பட்டன. ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதங் காணும் பணிக்கும் இதற்கும் வேறுபாடு யாது? பொருள் ஓலைக்குப் பதிலாக ஒலிநாடா, அவ்வளவே. 'டொக்ரர் ஹூ' என்னும் தொலைக்காட்சித் தொடரிலும் இதுவே நிகழ்ந்தது. 1960களின் பல பகுதிகளினது படச்சுருள் அழிந்தபோதிலும், அவையனைத்தினதும் ஒலி இன்று கிடைப்பது, வீடுகளிலிருந்து அதனைப் பதிவுசெய்த இளைஞர்களாலேயே.

இனி, மறுப்போரின் வாதங்களை எடுத்துக்கொள்வோம்.

பகிடி அற்பமானது என்பது முதல் வாதம். தமிழ் கற்றோர் வாயிலிருந்து இது வருவதே வியப்பு. தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையையே முதலில் வைக்கின்றது. அதற்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கு நிலைக்களன்களையும் வகுக்கின்றது. பிளட்நொக்கிடம் எள்ளலும், புளூபொட்டிலிடம் இளமையும், சீகூனிடம் பேதைமையும், எக்கிள்ஸிடம் மடனும் வெளிப்படக் காணலாம். நகையை வகைப்படுத்துவது இலக்கண ஆசிரியருக்கு இழுக்காகாதபோது, நமக்கு மாத்திரம் எவ்வாறு இழுக்காகும்?

விளக்கினால் பகிடி செத்துவிடும் என்பது இரண்டாவது வாதம். உண்மைதான், விளக்கத்தைக் கேட்டு எவருஞ் சிரிப்பதில்லை. ஆயின் விளக்காமல் விட்டாற் பகிடி வாழுமா? ஒரு தலைமுறை கழிந்ததும், பகிடி சுட்டிய மனிதரும் பொருளும் விலையும் வழக்கும் மறைந்துவிடும். அப்போது எஞ்சுவது பொருளற்ற ஓசை. உரையாசிரியர்கள் இன்றேல் சங்கச் செய்யுள்களில் எத்தனை நமக்கு விளங்கும்? பட்டியலிடுவோன் பகிடியைக் கொல்பவனல்லன், அதன் உரையாசிரியன்.

மூன்றாவது வாதம் நம் முற்போக்கு நண்பர்களுடையது. சனரஞ்சக நகைச்சுவை மக்களின் பிரக்ஞையை மழுங்கடிப்பது. அதனைப் பேணுவது மழுங்கலைப் பேணுவது என்பர். இவ்வாதத்தை நான் அலட்சியஞ் செய்யவில்லை. ஆனால் அதனை நிறுவுவதற்கும் சான்று வேண்டுமல்லவா? பிளட்நொக் என்னும் படையதிகாரியைப் படைத்த மிலிகன், பிரித்தானியப் படைவீரர் ஒருவரின் மகனாக 1918இல் இந்தியாவின் அகமத்நகரிற் பிறந்தவர். ஏகாதிபத்தியத்தின் அதிகாரியை அவர் கோழையாகவும் திருடனாகவும் காட்டியபோது, கேட்டவர் மழுங்கினரா, விழித்தனரா? அதே தொடரில் இந்தியரின் ஆங்கில உச்சரிப்பைப் பரிகசிக்கும் பாத்திரங்களும் உண்டு. அதன் இசைக்கலைஞரும் கறுப்பினத்தவருமான றே எலிங்ரனின் நிறத்தைப் பற்றிய பகிடிகளும் உண்டு. எள்ளல் மேல்நோக்கியும் சென்றது, கீழ்நோக்கியும் சென்றது. எது எவ்வளவு என்பதை ஊகத்தாற் கூறவியலாது, பட்டியலாலேயே கூறவியலும்.

ஆகவேதான், பட்டியலிடுவோரிடமும் ஒரு கண்டனத்தை நான் முன்வைக்கவேண்டியுள்ளது. அன்பு மிகுதியால் அழகியவற்றை மாத்திரந் தொகுத்து, வெட்கந் தருவனவற்றை விட்டுவிடும் இரசிகன், பிரதியை வெட்டிய நிறுவனத்தின் தவறையே தானும் செய்கின்றான். யார் கூறியது, எப்போது, யாரை நோக்கி, எவர் செலவிற் சிரிப்பு என்பனவற்றைக் குறிக்காத பட்டியல் ஆவணமன்று, வழிபாடு.

இவையனைத்தும் இங்கிலாந்தின் கதையாயின் இவ்விதழில் நான் இத்துணை நீட்டியிரேன். 1925இலே கொழும்பில் வானொலி ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. 'சானா' எனப்பட்ட சண்முகநாதனின் 'லண்டன் கந்தையா'வை வானொலியிற் கேட்டு ஈழத்துத் தமிழர் சிரித்தனர். 1970களில் 'கோமாளிகளின் கும்மாளம்' ஒலித்தது. எஸ். ராமதாஸ் மரிக்காராகவும், ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாகவும், எஸ். செல்வசேகரன் உபாலியாகவும், பி. எச். அப்துல் ஹமீது ஐயராகவும் பேசினர். 1976இல் இது 'கோமாளிகள்' என்னும் திரைப்படமாகவும் வந்தது. மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் எனப் பாத்திரத்தின் பெயரே நடிகரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. கேட்போர் எத்துணை ஆழமாக இவர்களை ஏற்றனர் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

முஸ்லிம் மக்களின் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களச் சாயல் படிந்த தமிழ், பிராமணத் தமிழ் ஆகிய நான்கும் ஒரே நிகழ்ச்சியிலே கூடின. 1983இற்கு முந்திய அந்நாட்டிலே ஓர் உபாலியின் தமிழைக் கேட்டுச் சிரித்தவர்கள், அவனோடு சேர்ந்து சிரித்தனரா, அவனைப் பார்த்துச் சிரித்தனரா? மரிக்காரின் பேச்சைத் தமிழர் எவ்வாறு கேட்டனர், முஸ்லிம்கள் எவ்வாறு கேட்டனர்? நமது இனத்துவ உறவுகளின் வரலாற்றுக்கு இவை சிறிய வினாக்களல்ல. இவற்றுக்கு விடைதரக்கூடிய, பாத்திரம் பாத்திரமாக, பகிடி பகிடியாகத் தொகுத்த ஏடொன்று உங்கள் மேசையில் உண்டா?

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டதை நாம் மறக்கவில்லை, மறக்கவுங்கூடாது. ஆயின் பிறர் மூட்டிய தீயிலே எரிந்தவற்றுக்காகக் கண்ணீர் வடிக்கும் நாம், நம் அலட்சியத்தினால் அழிவனவற்றைக் கணக்கிலெடுப்பதில்லை. தீயைப் போல அலட்சியம் வெளிச்சங் காட்டுவதில்லை. அதனால் அதற்கு நினைவுநாளும் இல்லை.

பல்கலைக்கழகம் இத்தகைய பணிக்குரிய இடமன்று என்போர் தம் சொந்த மரபையே அறியாதவர்கள். நாட்டுக்கூத்து பாமரரின் பொழுதுபோக்கென்று கற்றோர் முகஞ்சுளித்த காலத்தில், பேராதனையிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதனைக் கிராமத்திலிருந்து அழைத்துவந்து மேடையேற்றினார். 1962இல் 'கர்ணன் போர்' அவ்வாறு அரங்கேறிற்று. பேராசிரியர் க. கைலாசபதி, 1968இல் வெளியான தமது ஆங்கில நூலிலே, சங்க வீரப்பாடல்களின் மீண்டும் மீண்டும் வரும் தொடர்களைத் தொகுத்து, அவை வாய்மொழி மரபின் அடையாளம் என்று வாதிட்டார். மீண்டுவரும் தொடரைப் புறநானூற்றிலே எண்ணினால் ஆராய்ச்சி, வானொலியிலே எண்ணினால் வீண்வேலையா? அளவுகோல் ஒன்றாக இருக்கவேண்டும். 2005 முதல் 'நூலகம்' மின்னூலகத்தினர் தன்னார்வத்தோடு ஈழத்து அச்சுநூல்களைத் திரட்டி வருகின்றனர். பட்டம் பெற்றோர் காத்திருக்கத் தொண்டர்கள் செய்தனர் என்பதையும் இங்கு நினைவுகூர்தல் தகும்.

எனவே தமிழ்ச் சங்கத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்நிகழ்ச்சிகளை இளமையிலே கேட்டோர் இன்று முதியோர். அடுத்த விடுமுறையில் வீடு செல்லும்போது ஒரு கொப்பியை எடுத்துச் செல்லுங்கள். அப்பம்மாவிடமும் மாமாவிடமும், அயல்வீட்டு ஆசிரியரிடமும், சந்தைக் கடைக்காரரிடமும் கேளுங்கள். பாத்திரத்தின் பெயர், பேசியவர், அவர் வழக்கமாகக் கூறிய தொடர், அது வந்த சந்தர்ப்பம், கேட்ட ஆண்டு, கேட்ட ஊர், சொன்னவரின் வயது என்பனவற்றை ஒவ்வொன்றாகக் குறியுங்கள். ஒருவர் சொன்னதோடு மற்றொருவர் சொன்னது முரண்படின் இரண்டையும் எழுதுங்கள், திருத்தாதீர்கள். யாராவது "அந்தப் பகிடியைக் கேட்டு எங்களுக்குக் கோபம் வந்தது" என்றால் அதனைத் தடித்த எழுத்தில் எழுதுங்கள். அலுமாரியின் அடியிலே பழைய ஒலிநாடாப் பேழைகள் கிடப்பின், பூஞ்சணம் பிடித்திருப்பினும் எறியவிடாதீர்கள்.

நூறு பேர் ஆளுக்குப் பத்துக் குறிப்புகள் கொணர்ந்தால் ஆயிரம் குறிப்புகளாகும். அவற்றை அகரவரிசைப்படுத்தி இச்சங்கத்தின் அறையிலே வைப்போம். அதன்பின்பு, பகிடி ஆராய்ச்சிக்குரியதா என்று எவரும் வினவின், விவாதிக்க வேண்டியதில்லை. ஏட்டை அவர் கையிற் கொடுத்தாற் போதும்.