கத்தரிக்கோலுக்குக் கைதட்டுவோர்

ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்திட மறுத்துவிட்டேன் என்பதற்காகக் கடந்த இரண்டு வாரங்களாக நண்பர்கள் சிலர் என்னோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க இயலாது. ஆதலால் இங்கே எழுதுகிறேன்.

விண்ணப்பத்தின் சாரம் இதுதான். 'ஆய் நோ கொரீடா' என்னும் ஜப்பானியப் படம் வெளிநாடுகளில் வட்டாக வெளிவந்து, இணையக் கடைகளில் விற்பனைக்குக் கிடைக்கிறது. இத்தகைய வட்டுகள் நம் நாட்டு வீடுகளுக்குள் நுழையாதபடி தணிக்கைச் சட்டத்தை இன்னும் இறுக்க வேண்டும். தமிழ்ப் பண்பாட்டின் பெயரால் கேட்டுக்கொள்கிறோம்.

'தமிழ்ப் பண்பாட்டின் பெயரால்' என்ற இடத்தில்தான் என் பேனா நின்றது.

முதலில் அந்தப் படத்தைப் பற்றி. பார்த்தீரா என்று கேட்காதீர்கள். சட்டத்தைப் பற்றிக் கீழே எழுதவிருக்கிறேன், படித்தபின் கேட்கமாட்டீர்கள்! நகிசா ஓஷிமா 1976-இல் இயக்கிய படம் அது. 1936-இல் தோக்கியோவில் சாடா ஆபே என்ற பெண் தன் காதலனைக் கழுத்தை நெரித்துக் கொன்று அவன் உடலைச் சிதைத்த உண்மை நிகழ்வே அதன் கதை. உடலுறவுக் காட்சிகள் பாவனையல்ல, மெய்யானவை. ஜப்பானில் படமாக்கிய சுருளை அங்கே கழுவ முடியாமல் பிரான்சுக்கு அனுப்பித்தான் படத்தை முடித்தார்கள். திரைக்கதையையும் நிழற்படங்களையும் நூலாக வெளியிட்டதற்காக ஓஷிமா ஆபாசக் குற்றம் சாட்டப்பட்டார். மறைப்பதிலிருந்துதான் ஆபாசம் பிறக்கிறது என்று நீதிமன்றத்தில் வாதிட்டார். 1979-இல் விடுதலையானார், 1982-இல் உயர் நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது.

அந்தப் படத்தில் ஒரு காட்சி உண்டு. தெருவில் படைவீரர்கள் அணிவகுத்து வருகிறார்கள். மக்கள் கொடியசைத்து ஆர்ப்பரிக்கிறார்கள். காதலன் ஒருவன் மட்டும் தலைகுனிந்து எதிர்த்திசையில் நடந்துபோகிறான். அப்படி அணிவகுத்த படைதான் ஐந்து ஆண்டுகள் கழித்து நம் ஊருக்கு வந்தது. 1941 டிசம்பர் 11-ஆம் நாள் ஜார்ஜ் டவுன் மீது குண்டு விழுந்ததைக் கண்ணால் கண்ட பெரியவர்களிடம் கதை கேட்டு வளர்ந்த தலைமுறை நாம். சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பி வராத தமிழர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். எது ஒழுக்கம், எது ஆபாசம் என்று தீர்ப்புச் சொல்லும் உரிமையைத் தன் கையில் வைத்திருந்த அரசு எதை ஒழுக்கமென்று கொண்டாடியது என்பதே ஓஷிமாவின் கேள்வி. இந்தக் கேள்வியைக் கேட்கப் பினாங்குத் தமிழனைவிடத் தகுதியானவன் யார்?

எனக்கு அந்தப் படத்தின் மீது பற்று ஏதுமில்லை. பள்ளிப் பிள்ளைகள் கண்ணில் அது படவே கூடாது. இதில் விண்ணப்பக்காரர்களுக்கும் எனக்கும் துளியும் வேறுபாடில்லை. பிள்ளைகள் கண்ணில் படாமல் தடுக்கும் வழி எது என்பதில்தான் வேறுபாடு.

பிரிட்டனில் அந்தப் படத்துக்கு 1991-இல் திரையரங்குச் சான்றிதழ் கொடுத்தபோது, சிறுவன் ஒருவன் தோன்றும் ஒரு காட்சியை மட்டும் மாற்றியமைத்து, பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு என முத்திரையிட்டார்கள். 2011-இல் முழுப்படத்தையும் வட்டில் அனுமதித்தார்கள். சிறுவன் காட்சியைத் திரும்பச் சேர்த்ததில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால், ஒவ்வொரு காட்சியாக எடைபோட்டிருக்கிறார்கள் என்பதை மறுக்க முடியாது. அமெரிக்காவில் 1976-இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த அதே படத்தை, 2009-இல் கிரைட்டீரியன் நிறுவனம் டிவிடியாகவும் புளூ-ரே வட்டாகவும் வெளியிட்டது. கட்டுரைகளும் நேர்காணல்களும் அதனுடன் இருந்தன. வாங்குபவர், தாம் எதை வாங்குகிறோம் என்று தெரிந்தே வாங்குகிறார்.

நம் நாட்டில் என்ன நடந்தது? 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் பசார் மாலாம் பக்கம் போனவர்களுக்கு நினைவிருக்கும். நீளமான மேசை, நெகிழியுறையில் திருட்டு விசிடிகள். ஒரு வரிசையில் புதுத் தமிழ்ப்படம், அடுத்த வரிசையில் பிள்ளைகளுக்கான கேலிச்சித்திரம், அதற்கடுத்த அட்டைப்பெட்டியில் 'அந்த மாதிரி' வட்டுகள். வட்டில் சான்றிதழும் இல்லை, வயது முத்திரையும் இல்லை. மேசையின் உயரம் மூன்றாம் ஆண்டு மாணவனின் கண்மட்டம். கடைக்காரர் எந்தப் பையனிடமும் வயது கேட்டதாக நான் கண்டதில்லை. திறமான படமும் வெறும் குப்பையும் ஒரே பெட்டியில் ஒரே விலைக்குக் கிடந்தன. சட்டபூர்வமாக விற்க வழியே இல்லாத ஒன்றுக்கு யார் முத்திரையிடுவார்? தடையானது வட்டை ஒழிக்கவில்லை. வயதுக் கோட்டைத்தான் அழித்தது.

சட்டத்தில் கடுமை போதவில்லை என்கிறீர்களா? 2002-ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின் (சட்டம் 620) 5-ஆம் பிரிவைப் படியுங்கள். ஆபாசமான படத்தை வைத்திருப்பதே குற்றம். அபராதம் 10,000 வெள்ளி முதல் 50,000 வெள்ளி வரை, அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வட்டும் நாடாவும் இச்சட்டத்தின் பார்வையில் திரைப்படமே. இதற்குமேல் எதை இறுக்குவது?

5-ஆம் பிரிவுக்கு அடுத்து 6-ஆம் பிரிவு இருக்கிறது. அதில் ஆபாசம் என்ற நிபந்தனை கிடையாது. வாரியத்தின் அனுமதி பெறாத எந்தப் படமானாலும் வைத்திருப்பதும் பரப்புவதும் திரையிடுவதும் குற்றம். இப்பிரிவு யார்மீது பாய்ந்தது தெரியுமா? 2013 ஜூலை 3-ஆம் நாள் கோலாலம்பூர் சிலாங்கூர் சீனர் மண்டபத்தில் ஓர் ஆவணப்படம் திரையிடப்பட்டது. பெயர் 'நோ ஃபயர் சோன்'. முள்ளிவாய்க்கால் முடிய ஈழத்தமிழர் கொன்று குவிக்கப்பட்டதைச் சாட்சியங்களோடு காட்டும் படம். அந்தத் திரையிடலுக்காகப் புசாட் கோமாஸ் அமைப்பைச் சேர்ந்த லீனா ஹென்றி குற்றஞ்சாட்டப்பட்டார். 2016 மார்ச்சில் விடுவிக்கப்பட்டார். அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. 2017-இல் குற்றவாளி எனத் தீர்ப்பாகி 10,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. காமத்தைக் காட்டியதற்காக அல்ல ஐயா, தமிழர் பிணங்களைக் காட்டியதற்காக!

அன்று இந்த விண்ணப்பக்காரர்களில் எத்தனை பேர் கையெழுத்துத் திரட்டினார்கள்? ஒரே சட்டம், அடுத்தடுத்த பிரிவு. ஒரு பிரிவைத் தீட்டக் கொடுத்துவிட்டு மற்றது துருப்பிடித்துக் கிடக்கும் என்று எண்ணுவது என்ன கணக்கு?

இனி, பண்பாடு. திருக்குறளின் 1,330 பாக்களில் 250 இன்பத்துப்பால். வீரமாமுனிவர் அறத்தையும் பொருளையும் இலத்தீனாக்கிவிட்டு இன்பத்தை விட்டுவிட்டார், துறவி, போகட்டும். ஆனால் ஜி.யு.போப்பும் பாதிரியார்தாம். 1886-இல் முப்பாலையும் ஆங்கிலத்தில் முழுமையாகக் கொடுத்தார். நாம் எந்தப் பாதிரியாரின் பக்கம்? வகுப்பறைச் சுவர்களில் இன்பத்துப்பால் குறள் தொங்க நான் கண்டதில்லை; தொங்கவேண்டும் என்றும் கேட்கவில்லை. நான்காம் ஆண்டு மாணவனுக்கு அது வேண்டியதில்லை. ஆனால் அவனுக்கு வேண்டாம் என்பதற்காக நூலிலிருந்து அந்த 25 அதிகாரங்களையும் கிழித்தெறிய யாரும் விண்ணப்பம் போடவில்லையே! வயதறிந்து கொடுக்கும் முறை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

விண்ணப்பத்தை எழுதிய நண்பருக்கு ஒரு வேண்டுகோள். வெளிநாட்டிலிருந்து வட்டு வாங்கிப் பார்க்கும் நாற்பது வயதுக்காரரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இன்று பசார் மாலாமில் அந்த மேசைகள் இல்லை. வட்டைப் போட்டுப் பார்க்கும் கருவியே பல வீடுகளில் இல்லை. மாணவன் கையில் கைப்பேசி இருக்கிறது. அதில் அவன் எதைப் பார்க்கிறான் என்று பெற்றோரோடு உட்கார்ந்து பேச ஒரு சனிக்கிழமைக் காலையை ஒதுக்குங்கள். நாற்காலி அடுக்க நான் வருகிறேன்.