விளக்கு வேண்டும்! விளக்கைக் காட்டி உரிமையைப் பறிக்க வேண்டாம்!

 

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மும்முனை கரண்ட் வந்தால், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மடை மாற்றப் போகிறவர்கள் நாம். வரப்பில் கிடப்பது கயிறா, கட்டுவிரியனா என்று தெரியாமல் கால் வைத்தவர்கள் நாம். இன்றைக்கு நெற்றியில் மாட்டுகிற எல்.இ.டி. லைட் வந்திருக்கிறது. ரெண்டு கையும் வேலைக்குக் கிடைக்கிறது. இதை நாம் வரவேற்கிறோம்.

60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. தருகிறது. 2014ல் அரசு 300 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய பல்பு, மொத்தமாக டெண்டர் விட்டதும் 2016ல் 40 ரூபாய்க்குக் கீழே வந்தது. அரசு மக்கள் பக்கம் நின்று பேரம் பேசினால் விலை இறங்கும் என்பதற்கு இதுவே சாட்சி.

அப்புறம் எதற்கு இந்த நோட்டீஸ்?

ஊர் ஊராக சோலார் விளக்கு நட்டார்களே, என்னாச்சு? ரெண்டு மூணு வருஷத்தில் பேட்டரி செத்தது. கம்பம் மட்டும் நிற்கிறது, ஆடு கட்ட! பேனல் இருபது வருஷத்துக்கு மேல் உழைக்கும். ஆனால் ஈய பேட்டரியை அடிவரை காலி செய்தால் சில நூறு தடவையில் படுத்துவிடும். லித்தியம் பாஸ்பேட் பேட்டரி ரெண்டாயிரம் தடவைக்கு மேல் தாங்கும். மட்டமானதை மாட்டிவிட்டுப் போனவனைக் கேட்க ஆள் இல்லையா?

இப்போது புதுப் பேச்சு: "சோலார் வந்தாச்சே, இலவச மின்சாரம் எதற்கு?" கணக்குப் போடுவோம். 5 எச்.பி. மோட்டாருக்கு சுமார் 3,700 வாட் வேண்டும். கை விளக்கின் பேனல் 10 வாட். விளக்கு எரிந்தால் மோட்டார் ஓடிவிடுமா? பெரிய பேனல் வைத்த சோலார் பம்பு கிணற்றுக்கு நல்லதுதான், பகலிலேயே பாயும். மேகம் மூடினால்? போர் ஆயிரம் அடிக்குப் போனால்? மானியம் போக மீதிப் பணத்துக்கு ரெண்டு ஏக்கர்காரன் எங்கே போவான்?

1970ல் பெருமாநல்லூரில் கட்டண உயர்வை எதிர்த்து மூன்று விவசாயிகள் குண்டுக்குப் பலியானார்கள். அந்தப் போராட்ட வழியில் வந்து, 1990ல் எல்லா விவசாயிகளுக்கும் கிடைத்தது இலவச மின்சாரம். அது பிச்சை அல்ல, உரிமை!

நமது கோரிக்கைகள்:

1. மும்முனை மின்சாரம் பகலில் கொடு!
2. சோலார் பம்பைக் காட்டி மின் இணைப்பு மூப்பைப் பறிக்காதே!
3. பேட்டரிக்கு ஐந்து வருஷ உத்தரவாதத்தை எழுத்தில் கொடு!
4. ஒன்றியத்துக்கு ஒரு பழுதுபார்ப்பு நிலையம் வை, ஐ.டி.ஐ. படித்த நம் பிள்ளைகளுக்கு அங்கே வேலை கொடு!

புது விளக்கை ஏற்போம்! பழைய உரிமையைக் காப்போம்!

வாருங்கள், ஒன்று கூடுவோம்! வெற்றி பெறுவோம்!