செருமலும் ரத்தினமும்

ஒரு மொழியை இரண்டு விதமாக அவமதிக்கலாம். மொழியே இல்லை என்று சொல்லலாம். மொழிபெயர்க்கவே முடியாத அற்புதம் என்றும் சொல்லலாம். தென் அமெரிக்காவின் தென்கோடியில், பீகிள் கால்வாய்க் கரையில் பேசப்பட்ட யாகன் மொழிக்கு இரண்டும் நேர்ந்தன.

1832-ல் டியரா டெல் ஃபுயேகோவில் இறங்கிய டார்வினுக்கு அங்கு கேட்ட பேச்சு மொழி என்ற பெயருக்கே அருகதையற்றதாகப் பட்டது. தொண்டையைச் செருமுவது போலிருக்கிறது என்ற காப்டன் குக்கின் உவமையையும் துணைக்கு அழைத்துக்கொண்டார். அவர் முதலில் கேட்டது பக்கத்து இனமான ஹவுஷ் மக்களின் பேச்சு. தீர்ப்பு என்னவோ தீவு முழுவதன் மேலும் விழுந்தது. தாமஸ் பிரிட்ஜஸ் என்ற மிஷனரி ஒலியெழுத்துக்களைக் கொண்டு அந்தச் 'செருமலில்' சேகரித்த யாகன் சொற்கள் சுமார் 32,000. அந்த அகராதி அச்சேறியது 1933-ல், அவர் இறந்து 35 வருஷம் கழித்து.

இன்று ரசிகர்களின் முறை. 'மாமிஹ்லாபினாடபாய்' என்ற ஒரே சொல்லைக் கின்னஸ் புத்தகத்திலிருந்து எடுத்து, இருவர் பார்வையில் ததும்பும் சொல்லாத ஆசை என்று பொருள் எழுதிக் கவிதைக்குத் தலைப்பாக்குகிறார்கள். அதைப் பிரித்துப் பாருங்கள். 'இஹ்லபி' என்ற அடி, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் திகைப்பது. முன்னே தன்னையே சுட்டும் ஒட்டு. பின்னே இருவரைக் குறிக்கும் இருமை விகுதி. இவ்விரண்டும் சேர்ந்தால் 'ஒருவருக்கொருவர்' என்றாகிறது. பகுப்பில் கண்ணும் இல்லை, காதலும் இல்லை. இருப்பது இலக்கணம். அதே ஒட்டுகளை வேறு அடிகளோடு சேர்த்து, படகையும் மீனையும் சண்டையையும் பற்றி அம்மக்கள் தினமும் பேசினார்கள். அந்தப் பேச்சு நம் ரசனைக்கு வேண்டாம்; ரத்தினம் ஒன்று போதும்.

செருமல் என்றவனும் ரத்தினம் என்கிறவனும் ஒரே காதுக்காரர்கள். இருவருமே ஒரு முழு வாக்கியத்தைக் கேட்கக் காத்திருந்தவர்களல்ல.

இம்மொழி தானாக மெலிந்து சாகவில்லை. உஷுவையாவில் அர்ஜென்டினா தன் கொடியை ஏற்றிய 1884-ல் தட்டம்மை வந்து மக்களை வாரிக்கொண்டு போயிற்று. யாகனைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனுஷி கிறிஸ்டினா கால்டெரோன், சிலேயில் 2022 பிப்ரவரியில், 93 வயதில் இறந்தார். பேத்தியோடு சேர்ந்து தம் மக்களின் கதைகளைப் புத்தகமாக்கிவிட்டுப் போனவர் அவர். ஒற்றைச் சொல்லில் கிறங்கும் கவிஞர்கள் அந்தப் புத்தகத்தைத் தேடியதுண்டா? தேடாதவர்கள் அந்தச் சொல்லையாவது விட்டுவைக்கட்டும்.