சேமித்த வீடும் கடன் வாங்கிய வீடும்: கரோனா மாற்றிய மளிகைக் கணக்கு

"ஓட்டலுக்குப் போகல, சினிமா இல்ல, ஊருக்கும் போகல. ஆனாலும் காசு எங்க போகுதுன்னே தெரியல." கரோனாவின் முதல் ஒன்றரை ஆண்டில் இந்தப் பேச்சைக் கேட்காத வீடு இருந்திருக்காது. வெளிச்செலவு குறைந்தால் கையில் பணம் நிற்க வேண்டும். பல வீடுகளில் நிற்கவில்லை. ஏன்?

இந்திய ரிசர்வ் வங்கியின் மதிப்பீட்டைப் பார்த்தால் குழப்பம் இன்னும் கூடும். 2020 ஏப்ரல் - ஜூன் காலாண்டில் இந்தியக் குடும்பங்களின் நிதிச் சேமிப்பு, நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் (ஜிடிபி) 21 சதவீதத்தைத் தொட்டது. வழக்கமாக இருப்பதைவிட இது மிக அதிகம். அடுத்த காலாண்டில் அது 10.4 சதவீதமாகவும், அக்டோபர் - டிசம்பரில் 8.2 சதவீதமாகவும் இறங்கியது. நாடே சேமித்தது, பிறகு நாடே செலவழித்தது என்று இதைப் படித்தால் தவறாகிவிடும். இந்தச் சராசரிக்குள் இரண்டு வகை வீடுகள் இருக்கின்றன.

முதலில் வந்தது பயம்

2020 மார்ச் 24 இரவு நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. மளிகை, காய்கறி, பால் கிடைக்கும் என்று அரசு சொன்னாலும் மக்கள் நம்பவில்லை. அரிசி மூட்டை, பருப்பு, எண்ணெய், பிஸ்கெட் என்று கடைகள் காலியாகின. தமிழ்நாட்டில் முதலில் பிற்பகல் 2.30 வரையும், ஏப்ரல் 5 முதல் 1 மணி வரையும்தான் கடைகள் திறந்தன. சென்னை, கோவை, மதுரையில் ஏப்ரல் 26 முதல் 4 நாள் முழு ஊரடங்கு என்றதும், முந்தைய நாள் கடைவீதிகளில் கால்வைக்க இடமில்லை.

இதே காட்சி 2021-லும் வந்தது. மே 24 முதல் மளிகைக் கடைகூட திறக்காத முழு ஊரடங்கு என்றதும், அதற்கு முன் கொடுக்கப்பட்ட இரண்டு நாள் அவகாசத்தில் கூட்டம் அலைமோதியது. காய்கறி விலை எகிறியது.

நேரத்தைக் குறைத்தால் கூட்டம் குறையாது. ஒரு நாள் முழுக்க வந்துபோகும் ஆட்கள் நாலு மணி நேரத்தில் வந்து நிற்பார்கள். இந்த அவசரத்தில் ஒரு மாதச் சாமானை மொத்தமாக வாங்கிவைக்க முடிந்தவர்கள், கையில் காசு இருந்தவர்கள் மட்டுமே. அன்றாடக் கூலிக்காரர், கூலி நின்ற நாளிலேயே கடைக்குப் போக வேண்டியிருந்தது.

கோயம்பேடு பூட்டியபோது

சென்னையின் காய்கறிக்கு முக்கிய வாசல் கோயம்பேடு. அங்கே தொற்று பரவியதால் 2020 மே 5-ல் சந்தை மூடப்பட்டது. மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போனது. காய்கறிச் சந்தை மீண்டும் திறக்க செப்டம்பர் 28 ஆனது.

இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்து மாதத்தில் நகரம் காய்கறி வாங்கும் விதம் மாறியது. மாநகராட்சி வண்டிகளும் குட்டியானைகளும் தெருவுக்கே வந்தன. வேலை இழந்த ஆட்டோ ஓட்டுநர் சிலர் காய்கறி வியாபாரிகள் ஆனார்கள். வாரச் சந்தைக்குப் போனவர்கள் வாசலில் வாங்கப் பழகினார்கள். வசதிதான், ஆனால் தூரமும் கைமாற்றமும் கூடியதால், மொத்த விலைக்கும் வாசல் விலைக்கும் உள்ள இடைவெளி பெரிதானது. பேரம் பேச பக்கத்துக் கடையும் இல்லை.

ஒரு பக்கம் செயலி, ஒரு பக்கம் கணக்கு நோட்டு

ஊரடங்கின் முதல் வாரங்களில் ஆன்லைன் மளிகை நிறுவனங்களால் தேவையைச் சமாளிக்க முடியவில்லை. டெலிவரிக்கு நேரம் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்தது. அந்த இடத்தை நிரப்பியவர் தெருமுனை அண்ணாச்சி. வாட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்பினால் பையன் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தான். பணம் யுபிஐ-யில் போனது. 2020 ஏப்ரலில் நாடு முழுவதும் ஏறக்குறைய 100 கோடியாக இருந்த யுபிஐ பரிவர்த்தனைகள், 2021 ஜூனில் 280 கோடியாகின. ஆன்லைன் மளிகையும் காலூன்றிவிட்டது. பிக்பாஸ்கெட்டின் பெரும்பான்மைப் பங்கை டாடா குழுமம் 2021 மே மாதம் வாங்கியது.

ஆனால் அண்ணாச்சி கடையின் உண்மையான பலம் டெலிவரி அல்ல. "நோட்டுல எழுதிக்கோங்க அண்ணாச்சி, அடுத்த மாசம் குடுத்துடறேன்" என்று எந்தச் செயலியிடமும் சொல்ல முடியாது. வருமானம் நின்ற வீடுகளுக்கு முதல் வங்கி இந்தக் கணக்கு நோட்டுதான். அந்த நோட்டு நிரம்பும்போது கடைக்காரரும் மொத்த வியாபாரியிடம் கடன்படுகிறார். புள்ளிவிவரம் எதிலும் இந்தக் கடன் சரியாக ஏறுவதில்லை.

சேமித்தது யார்?

மாதச் சம்பளம் குறையாமல் வந்த வீட்டில் பெட்ரோல், ஓட்டல், துணிமணி, பயணம், திருமணச் செலவு எல்லாம் நின்றன. பணம் வங்கியிலேயே கிடந்தது. 2020 ஏப்ரல் - ஜூனில் நாட்டின் தனிநபர் நுகர்வுச் செலவு, முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட சுமார் 27 சதவீதம் சரிந்தது. செலவழிக்க வழியில்லாததால் ஏற்பட்ட சேமிப்பு இது. எதிர்காலப் பயமும் இதில் சேர்ந்துகொண்டது.

இன்னொரு வீட்டில் நகை அடகுக்குப் போனது. 2020 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, வங்கிகள் தரும் நகைக் கடனுக்கான வரம்பை நகை மதிப்பில் 75 சதவீதத்திலிருந்து 90 சதவீதமாகத் தற்காலிகமாக உயர்த்தியது. 2021 மார்ச்சில் வங்கிகளின் நகைக் கடன் நிலுவை முந்தைய ஆண்டைவிட 80 சதவீதத்துக்கும் மேல் கூடியிருந்தது. தங்கம் விலை ஏறியதும் ஒரு காரணம்தான். ஆனால் அடகுக்கடை, வட்டிக்காரர், குழுக் கடன் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை என்பதை மறக்கக் கூடாது.

செலவு ஏன் குறையவில்லை?

ஒரு எளிய கணக்குப் போடுவோம். மாதம் 12,000 ரூபாய் வருமானம் உள்ள வீட்டில் உணவுக்கு 6,000 என்று வையுங்கள். பாதி வருமானம் உணவுக்கே. வருமானம் 8,000 ஆகக் குறைகிறது. பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் மூன்று வேளையும் வீட்டில் சாப்பிடுகிறார்கள். உணவுச் செலவு அதே 6,000. இப்போது வருமானத்தில் முக்கால் பங்கு தட்டுக்கே போகிறது. மிச்சம் 2,000-ல் வாடகையா, மருந்தா, பிள்ளையின் ஆன்லைன் வகுப்புக்கு ரீசார்ஜா?

வருமானம் குறையக் குறைய உணவுக்குப் போகும் பங்கு கூடும் என்று 1857-லேயே ஜெர்மனியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் ஏங்கல் சொன்னார். பெருந்தொற்று அதைப் பல லட்சம் வீடுகளில் ஒரே நேரத்தில் நடத்திக் காட்டியது.

இதற்கு மேல் விலைவாசி. 2020 அக்டோபரில் நாட்டின் உணவுப் பணவீக்கம் 11 சதவீதத்தை எட்டியது. வெங்காய விலை உரிக்காமலேயே கண்ணீர் வரவைத்தது. 2021 ஜூனில் எண்ணெய், கொழுப்பு வகைகளின் விலை ஓராண்டில் சுமார் 35 சதவீதம் கூடியிருந்தது. சமையல் எண்ணெயில் பாதிக்கும் மேல் நாம் இறக்குமதி செய்வதால், உலகச் சந்தை விலை நேரே வாணலிக்கு வருகிறது. சென்னையில் 2020 நவம்பரில் 610 ரூபாயாக இருந்த சமையல் எரிவாயு சிலிண்டர் 2021 ஜூலையில் 850 ரூபாய் ஆனது. பெட்ரோலும் அந்த ஆண்டில் 100-ஐத் தாண்டியது. லாரி வாடகை கூடினால் அது காய்கறி விலையிலும் தெரியும்.

ஏழை வீடு இன்னொரு விதத்திலும் அதிகம் கொடுக்கிறது. ஐந்து லிட்டர் கேனாக வாங்குபவருக்குத் தள்ளுபடி. பத்து ரூபாய்க்கு எண்ணெய், சில்லாகத் தேங்காய், கால் கிலோ பருப்பு என்று வாங்குபவருக்கு ஒவ்வொரு கிராமுக்கும் விலை கூடுதல். சேர்த்து வாங்கினால் மிச்சம் என்று அவருக்கும் தெரியும். சேர்த்துக் கொடுக்கக் கையில் காசில்லை.

தட்டில் குறைந்தது எது?

வீட்டு பட்ஜெட் இறுகும்போது சோறு குறைவதில்லை. முதலில் பழம், அடுத்து பால், முட்டை, மீன், கறி, பிறகு பருப்பின் அளவு. சாம்பார் ரசமாகும். வயிறு நிறையும், சத்து குறையும்.

அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2021-ல் வெளியிட்ட அறிக்கையில், ஆய்வில் பங்கேற்றவர்களில் 90 சதவீதம் பேர், ஊரடங்கால் தங்கள் வீட்டில் உணவு உண்ணும் அளவு குறைந்ததாகச் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்தும் நிலைமை மாறவில்லை என்றவர்கள் 20 சதவீதம். பள்ளிகள் மூடிக் கிடந்ததால் சுடச்சுடக் கிடைத்த சத்துணவும் இல்லாமல் போனது. உலர் பொருள்களாகக் கொடுத்தது, குழந்தையின் தட்டுக்கு மட்டும் போகவில்லை. குடும்பம் முழுக்கப் பங்கிட்டது. வழக்கமாகக் கடைசியில் சாப்பிடும் அம்மாவின் பங்கு எவ்வளவு என்று யாரும் அளப்பதில்லை.

ரேஷன் தாங்கியது, ஆனால் எதை?

தமிழ்நாட்டில் பட்டினி பெரிதாகப் பரவாமல் தடுத்ததில் ரேஷன் கடைக்குப் பெரும் பங்கு உண்டு. விலையில்லா அரிசியுடன் கிலோ 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பு, லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில் ஏற்கெனவே இருந்தன. 2021-ல் அரிசி அட்டைதாரர்களுக்கு இரண்டு தவணையாக 4,000 ரூபாயும், 14 மளிகைப் பொருள்கள் கொண்ட தொகுப்பும் வந்தன. ஆவின் பால் விலை லிட்டருக்கு 3 ரூபாய் குறைந்தது. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதும் வீட்டுச் செலவில் நேரடி மிச்சம்.

மத்திய அரசு 2020 ஏப்ரல் முதல் நவம்பர் வரை ஆளுக்கு 5 கிலோ தானியமும், குடும்பத்துக்கு 1 கிலோ பருப்பும் இலவசமாகக் கொடுத்தது. 2021 மே மாதம் மீண்டும் தொடங்கிய திட்டம் அந்த ஆண்டு தீபாவளி வரை நீட்டிக்கப்பட்டது. ஆனால் அப்போது தானியம் மட்டும்தான், பருப்பு இல்லை.

இங்கேதான் கவனம் வேண்டும். பற்றாக்குறை அரிசியில் அல்ல, பருப்பிலும் எண்ணெயிலும் முட்டையிலும் இருந்தது. உதவி அரிசியாகவே வந்தால், எடுக்கும் குடும்பம் அதில் மிஞ்சியதை விற்று எண்ணெய் வாங்கும்; அதை முறைகேடு என்று மட்டும் பார்ப்பது சரியல்ல. எந்தப் பொருளுக்கு அவர்கள் கையில் காசில்லை என்பதை அது சொல்கிறது.

சம்பளம் வந்த வீட்டின் சேமிப்பு, கடைகள் திறந்ததும் செலவாகத் திரும்பி வரும். அதைத்தான் பொருளாதார மீட்சி என்று செய்திகள் எண்ணும். கடன் வாங்கிய வீடு, வேலை திரும்பினாலும் முதலில் அண்ணாச்சி நோட்டையும் அடகுச் சீட்டையும் அடைக்கும். பாலும் முட்டையும் அதற்குப் பிறகுதான். எனவே மூன்றாம் அலை வருமா என்று கணித்த நேரத்தில், சத்துணவு எப்போது மீண்டும் சூடாகப் பரிமாறப்படும், ரேஷனில் பருப்பும் எண்ணெயும் கூடுமா என்ற கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டியிருந்தது.