சட்டசபைக்கு ஞாபகசக்தி வேண்டும்

சட்டசபை என்பது பேச்சு நடக்கும் இடம் என்று எல்லோருக்கும் தெரியும். பேச்சுக்கு முன்னால் படிப்பு நடக்கவேண்டும் என்பதுதான் அவ்வளவாக யாருக்கும் தெரிவதில்லை. அங்கத்தினர் மேஜையைத் தட்டினால் மறுநாள் பத்திரிகைகளில் வருகிறது. அதே அங்கத்தினர் முதல் நாள் புஸ்தகசாலையில் உட்கார்ந்து பழைய அறிக்கை ஒன்றைப் புரட்டியிருந்தால் அதை யாரும் எழுதுவதில்லை. ஆயினும், ஜனங்களுக்கு நன்மை விளைவது பெரும்பாலும் புரட்டிய காகிதத்தினால்தான். தட்டிய மேஜையினால் அல்ல.

இதற்கு உதாரணம் தேடி லண்டனுக்கோ வாஷிங்டனுக்கோ உடனே போகவேண்டியதில்லை. மரக்காணம் உப்பளக் கரையிலிருந்து தெற்கே வந்தால், புதுச்சேரியை ஒட்டினாற்போல் கோட்டக்குப்பம் இருக்கிறது. 1954-ம் வருஷம் நவம்பர் 1-ம் தேதி வரையில் அந்த எல்லைக்கு அப்பால் பிரெஞ்சுக் கொடி பறந்தது. இன்று இரு பக்கமும் ஒரே கொடிதான். ஆனால் சட்டசபைகள் இரண்டு. புதுச்சேரிச் சட்டசபை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கோட்டக்குப்பத்தார் ஓட்டுப் போட்டு அனுப்பும் பிரதிநிதியோ சுமார் 150 கிலோமீட்டருக்கு அப்பால், சென்னைக் கோட்டையில் போய் உட்காருகிறார்.

கடலுக்கு இந்த எல்லைகள் தெரியா. வருஷத்தில் பெரும்பகுதி இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும். 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டன. மணலின் பிரயாணம் அங்கே தடைப்பட்டது. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. புதுச்சேரி நகரத்தைக் காப்பாற்றப் பாறாங்கற்களைக் கொட்டினார்கள். அரிப்பு அடங்கவில்லை, இடம் மாறி, கோட்டக்குப்பத்துக் கரைக்கும் அதற்கு அப்பால் தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடிக் கரைகளுக்கும் போயிற்று. சுவர் ஓர் ஆட்சியில், சேதம் இன்னோர் ஆட்சியில்!

இப்போது அந்தக் கரையின் அங்கத்தினர் சபையில் ஒரு கேள்வி போட எழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "கடல் வீடுகளை அழிக்கிறது, சர்க்கார் என்ன செய்யப்போகிறது?" என்று கேட்பது சுலபம். "பரிசீலனையில் இருக்கிறது" என்று மந்திரி பதில் சொல்வது அதைவிடச் சுலபம். ஆனால், துறைமுகம் கட்டுமுன் நிபுணர்கள் என்ன எழுதினார்கள், மணலை எடுத்து வடக்கே விடுவதற்கு என்ன ஏற்பாடு சொல்லப்பட்டது, பழைய நில அளவைப் படத்தில் கரை எங்கே இருந்தது, முந்தைய சபைகளில் இதே கேள்விக்கு என்ன வாக்குறுதி தரப்பட்டது என்பவற்றையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு கேட்டால், அந்தப் பழைய பதில் செல்லாது. அவ்வளவையும் அவருக்குத் தேடிக் கொடுக்கவேண்டியது யார்? சட்டசபைப் புஸ்தகசாலையும் ஆவணக் காப்பகமுந்தான்.

விஷயம் யாருடைய அதிகாரத்தில் இருக்கிறது என்பதே ஒரு படிப்பு. நமது அரசியல் சட்டத்தின்படி கரையோர மீன்பிடிப்பு மாநிலத்தின் பொறுப்பு. ஆழ்கடல் மீன்பிடிப்பு மத்திய சர்க்காரின் பொறுப்பு. உப்பு மத்தியப் பட்டியலில் இருக்கிறது. சிறு துறைமுகங்களோ இருவருக்கும் பொதுவானவை. ஒரே குப்பத்தில் அண்ணன் வலை வீசி, தம்பி உப்பளத்தில் வேலை செய்தால், அண்ணனுடைய குறையை ஒரு சபையிலும் தம்பியினுடையதை இன்னொரு சபையிலும் சொல்ல நேரலாம். தவறான கதவைத் தட்டிக்கொண்டு ஐந்து வருஷத்தைக் கழித்துவிட்ட பிரதிநிதிகள் நம் நாட்டில் கொஞ்சமா?

உப்பு என்றதும் 1930-ம் வருஷத்து சத்தியாக்கிரகம் எல்லோருக்கும் நினைவு வரும். அதற்கு ஏழு வருஷம் முன்பு நடந்ததைச் சிலரே அறிவார்கள். 1923-ல் உப்பு வரியை மணங்குக்கு 1 ரூபாய் 4 அணாவிலிருந்து 2 ரூபாய் 8 அணாவாக உயர்த்த சர்க்கார் முனைந்தது. டில்லிச் சட்டசபை அதை நிராகரித்தது. ராஜப்பிரதிநிதி ரீடிங் பிரபு தமது விசேஷ அதிகாரத்தைக் கொண்டு அதை நிறைவேற்றினார். மறு வருஷமே வரி பழைய அளவுக்கு இறங்கியது. 1947-ல் ஒழிந்தே போயிற்று. பிரஜைகளின் பிரதிநிதிகள் 'வேண்டாம்' என்ற பிறகும் ஏழையின் கஞ்சிக்கு வரி ஏறியது என்பதற்குச் சாட்சி, அந்தச் சபை நடவடிக்கைப் புஸ்தகங்கள்தான். பேசியவர்கள் மறைந்துவிட்டார்கள், அச்சிட்ட வார்த்தை மட்டும் இன்னும் சாட்சி சொல்கிறது.

சாட்சி அழிந்தால் என்ன ஆகும் என்பதை லண்டன் அறியும். அங்கே பொக்கிஷக் கணக்குகளை வெகுகாலம் மரக்குச்சிகளில் வெட்டி வைத்திருந்தார்கள். அவை உபயோகமற்றுப் போனபின், 1834-ம் வருஷம் அக்டோபர் 16-ம் தேதி, பார்லிமெண்டின் அடுப்புகளிலேயே போட்டு எரித்தார்கள். குச்சிகளோடு பார்லிமெண்டு மாளிகையும் எரிந்தது! காமன்ஸ் சபையின் பழைய ஏடுகள் பெரும்பாலும் சாம்பலாயின. பிரபுக்கள் சபையின் ஏடுகள் தனியாக ஒரு கல் கோபுரத்தில் இருந்தபடியால் பிழைத்தன. காப்பதற்கென்று ஓர் இடம் இருப்பதற்கும் இல்லாமற் போவதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

நம்மிடம் அத்தகைய இடங்கள் இல்லாமல் இல்லை. 1805-ல் பெண்டிங்க் பிரபு சென்னையில் தஸ்தாவேஜுகளுக்கென்று ஓர் அறை ஏற்படுத்தினார். அதன் வழிவந்ததே 1909 முதல் எழும்பூரில் செங்கற் கட்டிடத்தில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1896-ல் திறந்த கன்னிமாரா நூல் நிலையத்துக்கு, 1954-ம் வருஷத்துச் சட்டத்தின்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புஸ்தகத்திலும் ஒரு பிரதி வந்து சேரவேண்டும். புதுச்சேரியில் 1827-ல் தோன்றிய பொது நூல் நிலையம் இன்று ரோமன் ரோலண்டு பெயரோடு விளங்குகிறது. அதே ஊரில் ஆனந்தரங்கம் பிள்ளை தமிழில் எழுதி வைத்த தினசரி, அவர் காலமான பல வருஷங்களுக்குப் பிறகு 1846-ல் கண்டெடுக்கப்பட்டது. அதை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக 1904 முதல் 1928 வரை வெளியிட்டது சென்னை சர்க்கார். ஒரு தனி மனிதர் அக்கறையாக எழுதி வைத்தமையால் ஒரு யுகத்தின் நடப்பு நமக்குக் கிடைத்தது. சர்க்கார்களும் அந்த அக்கறையைக் கற்றுக்கொள்ளவேண்டாமா?

இங்கேதான் ஒரு கவலை. 1993-ம் வருஷத்துப் பொது ஆவணச் சட்டம் மத்திய சர்க்காரையும் புதுச்சேரி போன்ற யூனியன் பிரதேசங்களையும் கட்டுப்படுத்துகிறது. மாநில சர்க்கார்கள் அதில் அடங்கா. ஆகவே கோட்டக்குப்பத்து எல்லையைத் தாண்டினால், காகிதத்தைக் காக்கும் சட்டமும் மாறிவிடுகிறது! 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் ஒவ்வொரு பிரஜைக்கும் கேட்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறது, வாஸ்தவம். ஆனால் கறையான் தின்ற காகிதத்தை எந்த உரிமையினாலும் திரும்ப வாங்க முடியாது. கேட்கும் உரிமைக்கு முன்னால் காக்கும் கடமை இருக்கிறது.

புஸ்தகசாலை அதிகாரிக்கும் ஒரு தர்மம் உண்டு. ஆளும் கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் ஒரே அலமாரியை ஒரே மாதிரித் திறக்கவேண்டும். மந்திரிக்குச் சாதகமான அறிக்கை மட்டும் உடனே கிடைத்து, மற்றது 'தேடிக்கொண்டிருக்கிறோம்' என்றிருந்தால் அது புஸ்தகசாலை ஆகாது. சபை அங்கத்தினருக்குக் கிடைப்பது, இரகசியமானது தவிர, மரக்காணத்து உப்பளத் தொழிலாளியின் மகளுக்கும் கிடைக்கவேண்டும். அதுவும் அவள் படிக்கக்கூடிய தமிழில் கிடைக்கவேண்டும்.

சீர்காழி தந்த ரங்கநாதன் போன்றவர்களின் முயற்சியால், 1948-ல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் நிறைவேற்றி இந்தியாவுக்கே வழிகாட்டியது. அன்றுமுதல் வீட்டு வரியோடு நூலக வரியும் நாம் செலுத்தி வருகிறோம். பணம் கொடுத்தவன் கடைக்குப் போகாமல் இருப்பதுண்டா? வாசகர்கள் தத்தம் ஊர் நூல் நிலையத்துக்குச் சென்று, "எங்கள் பிரதிநிதி சட்டசபையில் பேசிய புஸ்தகம் இருக்கிறதா?" என்று ஒரு முறை கேட்கட்டும். இருந்தால் படிக்கலாம். இல்லையென்றால், அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கேட்பதற்கு நல்ல கேள்வி ஒன்று கிடைத்தது.