வெயில் கெடுத்ததை மழை காட்டிக்கொடுக்கும்: வைப்பர், பேட்டரி இரண்டையும் இந்த வாரமே பாருங்கள்!

2024 அக்டோபரில் சென்னைக்கு ரெட் அலர்ட் வந்தபோது, வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரமெல்லாம் கார்களாக நின்ற காட்சி நினைவிருக்கிறதா? 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் மிதந்த கார்களைப் பார்த்த பயம் அது. காரைக் காப்பாற்ற பாலம் வரை ஏற்றி நிறுத்துகிறோம். ஆனால், அதே காரின் வைப்பர் பிளேடைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால், பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. ஷோரூமில் இருந்து வந்த பிளேடே இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும்.

பேட்டரி கதையும் இதேதான். முதல் பெருமழை பெய்த மறுநாள் காலையில் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் தவறாமல் ஒரு மெசேஜ் வரும்: ‘யார்கிட்டயாவது ஜம்பர் கேபிள் இருக்கா?’ ஆஸ்பத்திரிக்கோ பரீட்சைக்கோ கிளம்பும் நேரத்தில்தான் கார் ‘டிக் டிக்’ என்று சொல்லிவிட்டு நின்றிருக்கும்.

மழைதான் இரண்டையும் கெடுத்தது என்று நினைக்கிறோம். உண்மையில் கெடுத்தது ஏப்ரல், மே மாத வெயில். வைப்பர் பிளேடின் ரப்பரைப் புற ஊதாக் கதிரும் சூடும் சேர்ந்து இறுகவைத்து, விளிம்பில் வெடிப்பு விடச் செய்கின்றன. வெயிலில் நிறுத்திய காரின் கண்ணாடி மேல் கை வைத்துப் பார்த்தால், அந்த ரப்பர் படும் பாடு புரியும். பேட்டரிக்குள்ளும் அப்படித்தான். சூடு ஏற ஏற உள்ளே இருக்கும் தண்ணீர் வேகமாகக் குறையும், தகடுகள் வேகமாக அரிக்கும். குளிர் நாடுகளில் பனிக்காலம்தான் பேட்டரிக்கு எமன் என்பார்கள். நம் ஊரில் கோடை. ஆனால், கோடையில் வைப்பரைப் போட வேண்டிய தேவை இல்லை, அதனால் கெட்டது தெரியாது. மழை வந்ததும் வைப்பர், ஹெட்லைட், கண்ணாடி ஆவி போக ஏசி என எல்லாம் ஒன்றாக ஓட, இரண்டின் குட்டும் வெளிப்படும்.

ரப்பர் போனால் என்ன ஆகும்?

பகலில் பெரிதாக ஒன்றும் தெரியாது. கண்ணாடியில் நான்கைந்து கோடுகள் விழும், அவ்வளவுதான். ராத்திரி ஜி.எஸ்.டி. ரோட்டில் எதிரே லாரி வரும்போதுதான் விபரீதம் புரியும். துடைபடாத ஒவ்வொரு கோடும் ஹெட்லைட் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். கண்ணாடி முழுக்க வெள்ளைப் படலம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். இரண்டு விநாடி கண் தெரியாவிட்டால், ஏறத்தாழ மூன்று பஸ் நீளத்துக்குக் குருட்டுத்தனமாக ஓட்டியிருக்கிறீர்கள். அந்த நீளத்துக்குள் ரெயின்கோட் போட்ட ஒரு பைக்காரரோ, குறுக்கே படுத்த மாடோ இருக்கலாம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 101-வது விதி, கண்ணாடி உள்ள வண்டிக்குச் சரியாக வேலை செய்யும் வைப்பர் கட்டாயம் என்கிறது. ஆனால், வண்டியை நிறுத்தி அதைச் சோதித்து யாரும் நான் பார்த்ததில்லை. நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பார்ப்பது சுலபம். வைப்பர் கையைத் தூக்கி, ரப்பர் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். மெத்தென்று இல்லாமல் விறைப்பாக இருந்தாலோ, வெடிப்பு தட்டுப்பட்டாலோ, ஓரம் கிழிந்து தொங்கினாலோ அதன் ஆயுள் முடிந்தது. சந்தேகமாக இருந்தால், முதலில் ஈரத்துணியால் ரப்பரையும் கண்ணாடியையும் நன்றாகத் துடைத்துவிட்டு ஓடவிடுங்கள். சில சமயம் அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும்தான் குற்றவாளி. துடைத்த பிறகும் கோடு விழுந்தால் மாற்ற வேண்டியதுதான். நம் வெயிலுக்கு வருடத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால் மாற்றுவது நல்லது. சாதாரணப் பிளேடுகளுக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும்.

வாங்கும்போது ஒரு விஷயம். பெரும்பாலான கார்களில் டிரைவர் பக்கப் பிளேடும் பக்கத்து சீட் பக்கப் பிளேடும் ஒரே நீளம் இல்லை. மேனுவலில் அளவு இருக்கும். இல்லாவிட்டால் ஸ்கேலை வைத்து இரண்டையும் தனித்தனியாக அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். ‘கொஞ்சம் நீளமா இருந்தா நல்லாத் துடைக்கும்’ என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். ஒன்றோடு ஒன்று மோதும், அல்லது ஓரக் கம்பத்தில் இடிக்கும். பின் கண்ணாடியில் வைப்பர் இருக்கும் காராக இருந்தால் அதையும் மறக்க வேண்டாம். அதை யாருமே மாற்றுவதில்லை!

மாற்றுவதற்கு மெக்கானிக் தேவையில்லை, பத்து நிமிட வேலை. இக்னிஷனை ஆஃப் செய்யுங்கள். கண்ணாடி மேல் தடிமனான டர்க்கி டவல் ஒன்றை மடித்துப் போடுங்கள். இந்த டவலை விட்டுவிடாதீர்கள். பிளேடைக் கழற்றியதும் வைப்பர் கை வெறும் இரும்பாக நிற்கும். ஸ்பிரிங் விசையில் அது கைதவறி ‘சடக்’கென்று விழுந்தால், சில நூறு ரூபாய் வேலை கண்ணாடி மாற்றும் வேலையாகிவிடும். நம் ஊர்க் கார்கள் பலவற்றில் கையின் நுனி கொக்கி போல வளைந்திருக்கும். பிளேடின் நடுவில் ஒரு சின்ன கிளிப் இருக்கும். அதை அழுத்தியபடி பிளேடைக் கையோடு சேர்த்துக் கீழ்நோக்கித் தள்ளினால் கொக்கியில் இருந்து விடுபடும். புதியதை அதே வழியில் மேல்நோக்கி இழுங்கள். ‘க்ளிக்’ சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பூட்டவில்லை என்று அர்த்தம், ஓடும்போது பறந்துவிடும். ரப்பர் மேல் பிளாஸ்டிக் உறை இருந்தால் உருவிவிட்டு, தண்ணீர் தெளித்து ஓடவிட்டுப் பாருங்கள். வைப்பர் பானெட்டுக்குள் ஒளிந்திருக்கும் கார் என்றால் கையைப் பலவந்தமாகத் தூக்காதீர்கள். அதை மேலே கொண்டுவரும் முறை மேனுவலில் இருக்கும்.

இடையில் ஒரு தகவல். காருக்குள் உட்கார்ந்தபடியே கண்ணாடியைத் துடைக்கும் கருவிக்கு 1903-லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் மேரி ஆண்டர்சன் என்ற பெண். அன்றைக்கு அதை வாங்க எந்த கம்பெனியும் முன்வரவில்லை. காப்புரிமைக் காலம் முடிந்த பிறகுதான் உலகம் முழுக்க அது கார்களில் ஏறியது. அவருக்கு அதனால் காசு எதுவும் வரவில்லை.

புதுப் பிளேடு சீக்கிரம் போகாமல் இருக்க, காய்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓட்டும் பழக்கத்தை விட வேண்டும். தூசி உப்புத்தாள் மாதிரி கண்ணாடியைக் கீறும். அந்தக் கீறல் புதுப் பிளேடு போட்டாலும் போகாது. வாஷர் தொட்டியில் சோப்புப் பொடியைக் கரைத்து ஊற்றினால், அது உறைந்து தண்ணீர் பீய்ச்சும் துளையை அடைத்துவிடும். ரப்பரைப் ‘பளபள’வென்று ஆக்க மண்ணெண்ணெய், டீசல் தடவுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அதில் ரப்பர் ஊறி உப்பிக் கெட்டுப்போகும்.

பேட்டரி: இங்கே அவசரம் வேண்டாம்

வைப்பரில் தவறு செய்தால் கண்ணாடிதான் போகும். பேட்டரியில் செய்தால் கண் போகலாம். 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே என்ற தைரியம்தான் இதில் ஆபத்து. ஷாக் அடிக்காது, உண்மை. ஆனால் உள்ளே இருப்பது கந்தக அமிலம். சார்ஜ் ஏறும்போது வெளிவருவது ஹைட்ரஜன். காற்றில் 4 சதவிகிதம் கலந்தாலே ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும் வாயு அது. அதனால் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு பீடி, சிகரெட் கூடவே கூடாது. இருட்டில் தீக்குச்சி கிழித்துப் பார்ப்பதும் அப்படித்தான். மோதிரம், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பாசிட்டிவ் முனைக்கும் பாடிக்கும் நடுவில் மோதிரம் மாட்டினால், அது நொடியில் பழுத்து விரலைச் சுட்டுவிடும். கண்ணுக்கு ஒரு கண்ணாடி, கைக்கு ரப்பர் கிளவுஸ் அவசியம். ஆசிட் கண்ணில் தெறித்தால் தேய்க்காமல், குழாய்த் தண்ணீரில் 15 நிமிடத்துக்குக் குறையாமல் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு, உடனே கண் டாக்டரிடம் போக வேண்டும்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், கரன்ட் சரியாகப் பாயாது. நல்ல பேட்டரிகூடச் செத்தது போல நடிக்கும். அதைச் சுத்தம் செய்ய டெர்மினலைக் கழற்ற வேண்டும். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். பேட்டரி வேலையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். காரணம் எளிது. காரின் இரும்பு உடம்பு முழுக்க நெகட்டிவோடு இணைந்திருக்கிறது. நெகட்டிவ் இருக்கும்போதே பாசிட்டிவைக் கழற்றினால், ஸ்பேனர் பாடியில் எங்கே பட்டாலும் ஷார்ட் சர்க்யூட், பொறி. நெகட்டிவை முதலில் எடுத்துவிட்டால் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. கழற்றும் முன் சாவியை வெளியே எடுத்துப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சில கார்களில் கரன்ட் போனால் கதவு பூட்டிக்கொள்ளும்.

பூத்ததைப் போக்க அடுப்படியில் இருக்கும் ஆப்ப சோடா போதும். தண்ணீரில் கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு அமிலம் அடங்கும். சோடா தண்ணீர் பேட்டரியின் மூடி வழியாக உள்ளே போய்விடக் கூடாது. வெறும் தண்ணீர் நனைத்த துணியால் துடைத்து, ஈரம் காய்ந்ததும் இறுக மாட்டி, மேலே லேசாக வாஸ்லின் தடவுங்கள். பேட்டரியைப் பிடித்திருக்கும் கிளாம்ப் ஆடாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் ரோட்டுக் குலுக்கலில் தகடுகள் உதிர்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான், மேல் கோடு வரைக்கும்தான். இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளுக்கு இது புதிதல்ல. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு இருக்கிறது. ஏசியில் சொட்டும் தண்ணீர் சுத்தமானதுதானே என்று பிடித்து ஊற்றுகிறார்கள். அதில் தூசியும் உலோகத் துகளும் கலந்திருக்கும். ஆசிட்டைத் தனியாக வாங்கி ஊற்றுவதும் கூடாது. ஆவியாகிப் போவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயேதான் இருக்கிறது. பராமரிப்பு தேவையில்லாத பேட்டரிகளின் தலையில் சின்னப் பச்சைக் கண் தெரிந்தால் எல்லாம் சரி என்று நம்பிவிடாதீர்கள். உள்ளே ஆறு அறைகள் இருக்கின்றன. அந்தக் கண் பார்ப்பது ஒன்றை மட்டும்.

இதைவிட நம்பகமானது ஒரு மல்ட்டிமீட்டர். ராத்திரி நிறுத்திய காரைக் காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் அளந்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.4 என்றால் சுமார் முக்கால் பங்கு சார்ஜ். 12-க்கும் கீழே போனால் காலியாகிவிட்டது. எஞ்சின் ஓடும்போது 14-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். அப்போதும் 12-லேயே நின்றால் குறை ஆல்டர்னேட்டரிலோ பெல்ட்டிலோ இருக்கலாம். ஓடும்போது டாஷ்போர்டில் சிவப்புப் பேட்டரி விளக்கு எரிவதும் அதற்கான அறிகுறிதான். இதைப் பார்க்காமல் புதுப் பேட்டரி போட்டால், சில நாளில் அதுவும் படுத்துவிடும். பணம் தண்டம்.

ஜம்பர் கேபிள் போடும் வரிசையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இரண்டு காரும் ஆஃப். சிவப்புக் கேபிளின் ஒரு முனை செத்த பேட்டரியின் பாசிட்டிவில், மறு முனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்புக் கேபிள் நல்ல பேட்டரியின் நெகட்டிவில். அதன் கடைசி முனை மட்டும் செத்த பேட்டரிக்குப் போகக் கூடாது. செத்த காரின் எஞ்சினில், பேட்டரிக்குத் தள்ளி, பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள். கடைசி இணைப்பில் பொறி வரும். அது ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் வரக் கூடாது என்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. நல்ல காரைச் சில நிமிடம் ஓடவிட்டு, பிறகு மற்றதை ஸ்டார்ட் செய்யுங்கள். எடுக்கும்போது இதே வரிசை தலைகீழ். பேட்டரி வயிறு உப்பியிருந்தாலோ, வெடித்துக் கசிந்தாலோ, அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ கேபிள் பக்கமே போகாதீர்கள், ஆளைக் கூப்பிடுங்கள். ஹைபிரிட், எலெக்ட்ரிக் கார்களிலும் 12 வோல்ட் பேட்டரி உண்டு. ஆனால், அங்கே ஆரஞ்சு நிறத்தில் ஓடும் கேபிள்களை நாம் தொடவே கூடாது.

வெள்ளத்தில் நின்ற காருக்கு இதில் எதுவும் பொருந்தாது. உள்ளே தண்ணீர் ஏறியிருந்தால் சாவியே போடாதீர்கள், டோ செய்து கொண்டுபோவதுதான் வழி.

மழைக்குப் பயந்து காரை வாரக்கணக்கில் கவர் போட்டு வைப்பவர்கள், வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் உறுமவிடுவதால் பெரிய பயன் இல்லை. ஸ்டார்ட் செய்யச் செலவான சார்ஜே அதில் முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

பேட்டரிக்கு மூன்று, நான்கு வயது ஆகிவிட்டதென்றால், நவம்பர் வரைக்கும் காத்திருக்காமல் கடையில் லோடு டெஸ்ட் செய்து பாருங்கள். சிக்னலில் எஞ்சின் தானாக நின்று தானாக ஸ்டார்ட் ஆகும் கார் என்றால், அதற்கென்று உள்ள வகையையே கேட்டு வாங்குங்கள். சாதாரணப் பேட்டரி அதில் தாங்காது. பழையதைத் தெருவில் வரும் காயலான் கடை வண்டியில் போடாதீர்கள். ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, காரீயத்தை வெட்ட வெளியில் உருக்குவார்கள். அந்தப் புகை அக்கம்பக்கத்துக் குழந்தைகளைத்தான் முதலில் பாதிக்கும். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியைக் குப்பையோடு சேர்க்காமல் முறையாகச் சேகரிப்பவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். பேட்டரிக் கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வார்கள், அந்தத் தொகையை பில்லில் கழிக்கச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம், டயர்.